மூன்றாம் தருமராசா

கணினி ஒரே பெயரை இரண்டாம் முறை ஏற்காது.
ஆகவே இலக்கமிடுகிறேன்.
தருமராசா 1, முத்தையன்கட்டு.
தருமராசா 2, உடையார்கட்டு.
தருமராசா 3 இன்று காலை வந்தார்,
பொலித்தீன் பைக்குள்,
அடையாள அட்டையின் மங்கிய பிரதியாக.
கொண்டுவந்தவரின் பெயர் கமலராணி.

புதுக்குடியிருப்புப் பிரதேச செயலகம்,
பின்பக்க அறை.
மின்விசிறி கோவைகளைத் தானே புரட்டிப் படிக்கிறது.
மேலே ஒரு கல் வைத்திருக்கிறேன்.

எனக்கு இங்கிலாந்து தெரியும்.
உயர்தரத்தில் வரலாறு, ஏ சித்தி.
தருமபுரத்தில் தரப்பாளின் கீழ் பாடமாக்கியது:
எட்டு ஹென்றிகள், ஆறு எட்வேட்டுகள்,
மூன்று றிச்சட்டுகள், ஒரேயொரு ஜோன்.
ஒருமுறை பட்டது போதுமென்று
பிறகு ஒருவருக்கும் அந்தப் பெயரை வைக்கவில்லையாக்கும்.
செல் கூவத் தொடங்கி விழுவதற்குள்
ஒரு வம்சத்தை முடித்துவிடலாம்.
பிளாண்டஜெனற் என்று பிழையில்லாமல் எழுதிய அன்று
பக்கத்துக் கொட்டிலில் அழுகை எழும்பியது.
கொப்பியில் அந்த இடத்தில் மை தடித்திருக்கும்.

எட்டாம் ஹென்றிக்கு ஆறு மனைவியர்.
இருவரைத் தள்ளிவைத்தான்,
இருவரின் தலையை எடுத்தான்,
ஒருத்தி பிள்ளை பெற்ற பன்னிரண்டாம் நாள் போனாள்,
ஒருத்தி அவனைப் புதைத்தாள்.
இந்தப் படிவத்தில் வாழ்க்கைத்துணைக்கு ஒரு வரிதான்.
கமலராணி அதில் எழுதியிருக்கிறா:
"நான்."

திரையை எட்டிப் பார்த்தா.
"உதென்ன மூண்டு?"
சொன்னேன்.
"அவர் மூண்டாவது ஆள் இல்லைத் தம்பி.
எனக்கு ஒரு ஆள்தான்."

முதலாம் எலிசபெத்தும்
உயிரோடிருந்த ஒரு நாளும் முதலாமவள் அல்லள்.
செத்து முந்நூற்று நாற்பத்தொன்பது வருடம் கழிய
இன்னொருத்தி முடிசூட வந்தபோதுதான்
அவளுக்கு இலக்கம் விழுந்தது.
இதை நான் கமலராணிக்குச் சொல்லவில்லை.
சொல்லி என்ன.

இரண்டாவது படிவம்.
தருமராசா சங்கீர்த்தன், வயது பதின்மூன்று.
எங்கள் ஊரில் ராசாக்கள்
பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் போய் நின்றுகொள்வார்கள்.

ஐந்தாம் எட்வேட்டுக்குப் பன்னிரண்டு.
மூன்று மாதமும் ஆளவில்லை, முடியும் வைக்கவில்லை.
தம்பியோடு கோபுரத்துத் தோட்டத்தில்
விளையாடக் கண்டிருக்கிறார்கள்.
பிறகு யன்னலில்.
பிறகு யன்னலிலும் குறைவாக.
என் கொப்பியில் இப்படித்தான் இருந்தது:
"அதன்பின் காணப்படவில்லை."
எழுவாய் இல்லாத வசனம்.
அதற்கு முழுப் புள்ளி கிடைத்தது எனக்கு.

கடைசியாகக் கண்ட இடம்:
வட்டுவாகல் பாலத்துக்கு இந்தப் பக்கம்.
கண்டவர்: தாய்.
கையில் கொண்டிருந்தது: தண்ணீர்ப் போத்தல், மூடி இல்லாதது.
(படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை.
ஓரத்தில் எழுதியிருக்கிறா.)

சித்தப்பன் மூன்றாம் றிச்சட்டை
ஐந்நூறு வருடத்துக்குப் பிறகு கண்டெடுத்தார்கள்,
லெஸ்ரரில், வாகனத் தரிப்பிடத்தின் கீழே,
வளைந்த முதுகெலும்போடு.
பாதம் இல்லை.
அக்காவின் பெண்வழியில் பதினேழு தலைமுறை இறங்கித் தேடி
தளபாடம் செய்கிற ஒருவரைப் பிடித்து
வாயில் ஒரு துளி எச்சில் வாங்கி
இவன்தான் அவன் என்றார்கள்.
பெட்டியை ஊர்வலமாய்க் கொண்டுபோய்க் கல்லறை கட்டினார்கள்.
அவன் நல்லவனா என்பது இன்னும் பரீட்சைக் கேள்வி.

கமலராணியிடம் இதுவரை ஒருவரும் எச்சில் கேட்கவில்லை.
ஒப்பம் கேட்டிருக்கிறார்கள்.
பதினொரு தரம்.

"மூண்டை எடுங்கோ," என்றா.
"சைக்கிள்கடைத் தருமு எண்டு போடுங்கோ.
குரவிலில கேட்டால் குழந்தையும் காட்டும்."

நெடுங்கால் எட்வேட், சிங்கநெஞ்சன் றிச்சட்,
நிலமில்லா ஜோன்:
இலக்கம் பழகுமுன் அவர்களும்
இப்படித்தான் கூப்பிடப்பட்டார்கள்.

பெயர்க் கட்டத்தில் நாற்பது எழுத்துக்கு இடமுண்டு.
சைக்கிள்கடைத் தருமு என்று அடித்தேன்.
கணினி ஒன்றும் சொல்லவில்லை.
அச்சில் வந்த தாளை அவ இரண்டு கையாலும் வாங்கினா,
சூடு ஆறும்வரை மடிக்கவில்லை.

வெளியே மழை இறங்கியிருந்தது.
விறாந்தையில் ஒருத்தி குடையை உதறி மடக்கிக்கொண்டு
கதவடியில் நின்று கேட்டா,
"தருமராசா எண்ட பேருக்கு
இஞ்சையோ பதியிறது?"